மாமனார் மேல் நான் போட்ட பக்

என்னை நம்பி யாரும் எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. (இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும். நானே சொன்னால் வராது.)

அப்போது சித்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ்த் தட்டச்சுச் செயலிக்கு வேலை பார்த்துவந்தேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிற வகை. 'பக்' எனப்படும் குறைகளும் அதேபோல் தாராளமாக வரும். அவற்றைப் பதிந்து, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, சரியானதும் மூடுகிற இணையப் பொதுப் பலகைதான் பக் டிராக்கர். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் சிக்காமல் என்னைப் பிடித்துப் போட்டார்கள். உதவிக்கு நான் என் மனைவி கலாவைப் போட்டேன். (சம்பளம் கிடையாது என்றதும், "இந்த வீட்டுல அது பழகுனதுதான" என்றாள்.)

அந்த வாரம் பார்த்து காந்தலூரிலிருந்து மாமனார் ஒரு பை பூண்டோடு வந்திறங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்களோடு வந்து தங்குவது அதுதான் முதல் முறை. கலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கமான மனுஷன். ஒரே பழக்கம், கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் ஆஃப் செய்வார். என் ரூட்டர் சுவிட்சும் அதில் சேர்த்தி.

டிராக்கரில் புதுப் படிவம் ஒன்று அமைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பொய்க் குறை வேண்டும். கை சும்மா இருக்குமா? எழுதினேன்:

"குறை: மாமனார் வந்தால் நெட் போகிறது. எத்தனை முறை: எப்போதும். தீவிரம்: மிக அதிகம். தற்காலிகத் தீர்வு: காந்தலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவது."

தனியாகச் சிரித்துக்கொண்டே பதிந்தேன். பதிந்தது குழுவில் எல்லோருக்கும் மெயிலாகப் போகும், அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான் என்பது, முன்னறையில் கலாவின் போன் சிணுங்கிய பிறகுதான் உறைத்தது. போன் அப்போது மாமனார் கையில் இருந்தது, தக்காளி விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரமாக அழிக்கப் போனேன். நெட் இல்லை. மாமனார் ரூட்டரை ஆஃப் செய்திருந்தார்.

நான் சுவிட்சைப் போட்டு ரூட்டரில் எல்லா விளக்கும் எரிவதற்குள் பதில்கள் வரிசையாக வந்துவிட்டன. ஒருவர், "எங்கள் வீட்டிலும் இதே குறை" என்று உறுதிசெய்திருந்தார். இன்னொருவர், "எந்த வெர்ஷன் மாமனார்?" என்று கேட்டிருந்தார்.

முன்னறையில் அவர் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கலா கண்கலங்க நின்றிருந்தாள்.

"மாமா, அது சும்மா சோதனைக்குப் போட்டதுங்க" என்று இழுத்தேன்.

அவர் நிமிரவில்லை. "அந்தப் பலகைல யாரு வேணும்னாலும் குறை போடலாமா மாப்ள?"

"போடலாங்க மாமா."

பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கலா, நான் சொல்றத எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "குறை: ஆள் இல்லாத அறையில் மாப்பிள்ளை ஃபேனை ஓடவிடுகிறார். எத்தனை முறை: எப்போதும். தற்காலிகத் தீர்வு: மாமனாரை வரவழைப்பது." சரிசெய்ய வேண்டியவர் என்ற இடத்தில் அவளாகவே என் பெயரைப் போட்டாள்.

முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் கைதட்டல் படம் போட்டார்கள். மாமனார் சொன்னதைவிட ஒரு வாரம் கூடுதலாகவே தங்கிவிட்டுப் போனார்.

நான் போட்ட குறையை, "இது பழுதல்ல" என்று கலா அன்றே மூடிவிட்டாள். அவர் போட்டது இன்றும் திறந்தே கிடக்கிறது. காந்தலூரிலிருந்து போன் வந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "மாப்ள, நம்ம கம்ப்ளெயின்ட்ட மூடியாச்சா?" என்பார்.

நான் எழுந்துபோய் முன்னறை ஃபேனை ஆஃப் செய்துவிட்டு வந்து, "பார்த்துக்கிட்டே இருக்கேனுங்க மாமா" என்பேன்.