முனியாண்டிக்கு எதிராக நாற்பத்தொரு கை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சோமசேகரம் ஐயா அவர்களுக்கு, ஜொகூர் மாசாயிலிருந்து காளியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் செல்வராணியும் சுகம், என் ரத்தக் கொதிப்பு நீங்கலாக. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், என் மகள் லோஷினியும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மரத்தடியில் இருக்கும் முனியாண்டியைத் தாங்கள் அறிவீர்கள். லோஷினி கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கேதான் வைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில், அந்த இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்த வேணும்னு ஒருத்தர் கிளம்பினார். இன்னொருத்தர், சாம்பிராணிப் புகையில மகனுக்கு இருமல்னார். மூணாவது ஆள், அந்தப் பக்கம் போனாலே பேய் பிடிக்கும்ங்கிறார். அலமாக்! இருபது வருஷமா அந்த வழியாத்தானே ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடுறார், எந்தப் பேய் பிடிச்சுது? நான் எந்திரிச்சுப் பேசப் போனா, தலைவர் "பேச்சு வேணாம் லா, கை தூக்குங்க, அதுதானே நம்ம சட்டம்"னுட்டார். நான் செயலாளராச்சே, கைய எண்ண வேண்டியது நான்தான். என் சாமிய எடுக்கச் சொல்லித் தூக்கின கைய நானே எண்ணி, நாற்பத்தொண்ணுனு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டேன் சம்பந்தி. எடுக்காதீங்கனு தூக்கினது ஒன்பதே கை. மாசக் கடைசிக்குள்ள எடுத்தாகணுமாம். செல்வராணி என்கூடப் பேசுறதில்ல, சோறு மட்டும் போடுறா, அதுலயும் உப்பில்ல.

கவர்மெண்ட் வேலை பாத்த நீங்கதான் நகராண்மைக் கழகத்துக்கு மலாய்ல ஒரு மனு எழுதித் தரணும். இந்த வரிய மட்டும் விட்டுடாதீங்க: "கூட்டம் பெருசுங்கிறதுக்காக, கொஞ்சப் பேரு சாமி கும்பிடுறத நிறுத்தலாமா?" இதப் படிச்சா எந்த அதிகாரிக்கும் மனசு இளகும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முனியாண்டி துணையிருக்கட்டும், இருக்கிற வரைக்கும்.

இப்படிக்கு,
காளியப்பன்

பி.கு.: மனுவ இப்ப எழுதிடாதீங்க. மேல சொன்ன வரி என்னுது இல்ல. மூணாவது மாடி புஷ்பவள்ளி சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம் அவங்க நாலு வீட்டு ஆளுங்களோட நம்ம ஃபிளாட் மண்டபத்துல ஜெபப் பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. "மதம் மாறினவங்களுக்கு இங்க என்ன பாட்டு"னு போன வருஷம் வீடு வீடாப் போயி, அத நிறுத்தக் கை தூக்க ஆள் சேத்தவன் நான்தான். பேச்சு கிடையாது, கை தூக்கினா முடிஞ்சுதுங்கிற சட்டமும் அந்தக் கூட்டத்துல நான் கொண்டுவந்ததுதான். அவங்க அழுதுகிட்டே கேட்ட கேள்விய நான் குறிப்புல எழுதக்கூட இல்ல.

இந்தத் தடவ எடுக்காதீங்கனு தூக்கின ஒன்பது கையில எட்டு நம்ம ஆளுங்க. ஒன்பதாவது அவங்க.

மனுவுக்கு முன்னால அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். ரெண்டு தடவ மூணாவது மாடி வரைக்கும் போயிட்டு, கதவத் தட்டாம திரும்பிட்டேன்.