ஸ்லோமோ வெட்டாமல் அனுப்பிய ஆட்டம்

கூடைக்குள் பந்து போடாமலே பெரும்புகழ் பெற்ற கூடைப்பந்து வீரர் இவ்வுலகில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ஆம்பூர் ஸ்லோமோ. அவரைப் பற்றி ஊரில் உலவும் கதைகள் பல. விரல்நுனியில் பந்தைச் சுழலவிட்டபடியே பேருந்தில் வாணியம்பாடிவரை போனார் என்பார்கள். நடத்துநர் பந்துக்கும் பயணச்சீட்டுக் கொடுத்தார் என்பார்கள். அந்தப் பேருந்தில் நான் இல்லை. ஆகவே அதை எழுதமாட்டேன். மனிதர் இணையத்தில் ஏற்றும் தம் காணொளிகளில் தம்மைப் போதுமான அளவு மிகைப்படுத்திவிட்டார். நானும் சேர்ந்துகொண்டால் உண்மையான ஆளைக் கண்டுபிடிப்பது அரிதாகிவிடும். என் வீட்டு மாடி ஆட்டத்திடலை ஒட்டியது. என் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும் மட்டுமே இங்கே.

மாட்டைக் கண்டேன். ஒரு மாலை தேநீர்க்கடை அருகே எதிரில் மாடொன்று வந்தது. நாமெல்லாம் ஒதுங்கி வழிவிடுவோம். ஸ்லோமோ தோளை ஒருபக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு, மறுபக்கமாகச் சுழன்று கடந்துபோனார். மாடு அவர் காட்டிய பக்கம் திரும்பி, வெகுநேரம் அங்கேயே நின்று யோசித்தது.

"மாட்டக்கூட வுட மாட்டியாடா?" என்றார் கடைக்காரர்.

"அதுவும் டிஃபென்ஸ் தான்ணா!"

திடலில் அவர் கைக்குப் பந்து வந்துவிட்டால், அது காலிடையே நுழைந்து, முதுகுக்குப் பின்னே மறைந்து, யாரும் எதிர்பாராத கையில் முளைக்கும். மறிக்க வந்தவன் தன் கால்களையே நம்ப முடியாமல் தரையில் உட்கார்ந்துவிடுவான். அழகு என்னும் சொல்லை நான் எளிதில் செலவழிப்பதில்லை. அது அழகு.

அதன்பின் எறிவார். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும். சில வேளை வளையத்தையும் தவிர்த்துவிட்டு, என் மாடியில் காயும் மிளகாயின்மேல் விழும்.

இது திடலுக்கு வருவோர்க்கு மட்டுமே தெரிந்த செய்தி. காணொளி பார்ப்பவர்க்குத் தெரியாது. காரணம், அவருடைய தொழில். அவர் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவர். விரித்த தோலில் கீறலோ உண்ணி கடித்த தழும்போ தென்பட்டால் வெள்ளி மைப் பேனாவால் வட்டமிட்டு, வட்டங்களை விலக்கி அச்சை வைத்து வெட்டுவார். குறையுள்ளது கழிவுத் தொட்டிக்குப் போகும். காணொளியையும் அவ்வாறே வெட்டினார். பந்து கையைவிட்டுப் புறப்படும்; அவருக்கு ஸ்லோமோ என்று பெயர் வாங்கித்தந்த மெதுவோட்டத்தில் மெல்ல மெல்ல வானேறும்; உடனே காட்சி மாறி, கூட்டம் கைதூக்கி ஆர்ப்பரிக்கும். அந்த ஆர்ப்பரிப்பு வேறு யாரோ பந்து போட்டபோது எழுந்தது.

ஒடுகத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்: "ப்ரோ, பால் உள்ள போச்சா இல்லியா?"

"ஸ்டைல பாரு தோஸ்த்" என்பது ஸ்லோமோவின் விடை.

இந்நிலையில்தான் மெர்சியின் சிக்கல் வந்தது. மெர்சி அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். மாலையில் ஆண்களோடு சமமாக ஆடுபவள். வேலூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் மறுபடியும் தையல் இயந்திரந்தான். ஆடும் காணொளி வேண்டும் என்றது கல்லூரி. ஸ்லோமோ பாட்டும் மின்னலும் சேர்த்து ஒன்றைத் தயாரித்து அனுப்பிவைத்தார். விடை வந்தது. மெர்சி அதைத் திடலின் நடுவே நின்று படித்தாள்.

"அண்ணா, இதுல அந்த மாணவி யாருன்னு கேக்குறாங்க."

"இன்னாம்மா, நீதான் வர்றியே!"

"எங்க வர்றேன்? ஒருவாட்டி தண்ணி குடிக்கிறேன். மீதி ஃபுல்லா நீதான்ணா."

மெர்சிக்கு வித்தை ஏதும் தெரியாது. தவறிய பந்து எங்கே இறங்கும் என்பது மட்டும் தெரியும். பிறர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் அங்கே போய் எழும்பிப் பறித்துவிடுவாள். அதாவது, பந்து தவறிய பிறகே அவள் ஆட்டம் தொடங்கும். ஸ்லோமோவோ தவறியவற்றையெல்லாம் குறையென்று வெட்டியிருந்தார்.

அவருக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. "அடச்சீ, உன்ன கழிவுல போட்டுட்டேனேம்மா!" என்றார். கழிவை அன்றன்றே அழித்துவிடுவது அவர் வழக்கம், மீட்க வழியில்லை.

ஒரு முழு ஆட்டத்தை வெட்டாமல் இணையத்தில் ஏற்றித் திங்கட்கிழமைக்குள் இணைப்பை அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தது கல்லூரி. ஞாயிறன்று திருப்பத்தூர் அணியோடு ஓர் ஆட்டம் இருந்தது. அதுவே கடைசி வாய்ப்பு.

"மச்சா, நீ ஆடாத. ஊரே பாக்கும், மானம் போய்டும்" என்றான் அவர் கூட்டாளி.

"நான் உக்காந்துட்டா அவளுக்கு பந்து யாருடா குடுப்பாங்க?"

கைப்பேசியை என்னிடம் தந்தார். "சார், நீங்க புடிங்க. எங்க ஆளுங்ககிட்ட குடுத்தா பழக்கதோஷத்துல என் பக்கமே திருப்புவானுங்க. நான் இன்னா ஷோ காட்டுனாலும் அவள வுட்றாதீங்க."

அன்று அவர் ஆடியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. திருப்பத்தூர்க்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எறிந்த பந்துகளோ இடக்கோடியிலிருந்தும் தவறின; வலக்கோடியிலிருந்தும் தவறின; வளையத்தின் அடியில் நின்று எறிந்ததும் தவறியது. தவறிய ஒவ்வொன்றின் கீழும் மெர்சி இருந்தாள்.

"ஸ்லோமோ அண்ணே, வளையம் இன்னா வாணியம்பாடிலயா கீது?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. ஸ்லோமோ அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்ததையும் தவறவிட்டார்.

ஆட்டம் முடிந்தது. பதிவை நிறுத்தினேன். ஒரு காலணியைக் கழற்றிவிட்டு மற்றதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஸ்லோமோ, காலருகே உருண்டுவந்த பந்தை எடுத்து, உட்கார்ந்தபடியே, பாராமலே எறிந்தார். அது வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. நானும் மெர்சியும் மட்டுமே பார்த்தோம்.

"லக்கு சார்" என்றார்.

ஆட்டத்தை ஓரிடமும் வெட்டாமல் தம் காணொளிப் பக்கத்திலேயே ஏற்றினார். மறுநாள் முதல் தொழிற்சாலையில் அவர் தேநீர்க் கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போடப் போனாலே, "பாத்துண்ணே, வெளிய வுழுந்துடும்" என்றார்கள். ஒடுகத்தூர்க்காரரும் தவறாமல் வந்தார்: "ப்ரோ, ஒண்ணுகூட போவலியா?"

"போவல தோஸ்த். அந்தப் பொண்ணப் பாரு."

கல்லூரியும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தது. மெர்சி இப்போது வேலூரில் படிக்கிறாள்.

உறுதிசெய்ய இயலாதது ஒன்று உண்டு. அன்றைய பந்துகள் தாமே தவறினவா, அவர் தவறச் செய்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "லக்கு" என்பார், ஆகவே கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பந்து இன்னும் என் மாடிக்கு வருகிறது. மிளகாயை நான் இடம் மாற்றவில்லை.