அதிகாரி வரும்வரை பெய்யாதே

வத்தல்மலைமேல் கருமேகம் திரண்டுவிட்டது. ஓவர்சியர் குப்புராஜ் விழாப் பந்தலிலிருந்து ஓடிவந்து அண்ணாந்து பார்த்தான்.

அது எண்பத்து மூன்றாம் வருடம். அடிவாரத்தில் பேருக்குக்கூட மழை இல்லை. அதனால் அரசாங்கம் மழை மெஷின் அனுப்பியிருந்தது. பெரிய அதிகாரி வந்து பற்றவைத்தால், புகை மேலே போய் மேகத்தை மழையாக்கும் என்று பேச்சு. அவர் வருமுன் மழை தானாகவே பெய்துவிட்டால்? விழாவும் போச்சு, குப்புராஜின் தற்காலிக வேலையும் போச்சு.

போஸ்ட் ஆபீஸ் போனில் விசாரித்தான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, அதிகாரியின் ஜீப் மாட்டிக்கொண்டதாம்.

"காத்து ஈரமா வருது தம்பி. இப்பப் பெஞ்சுரும்!" என்றார் விவசாயி நஞ்சப்பன், முகமெல்லாம் சிரிப்பாக.

"கும்புடறேனுங்க, மொதல்ல வாயக் கழுவுங்க!"

முதல் துளி விழுமுன் தானே பற்றவைத்துவிடுவது என்று முடிவு செய்தான் குப்புராஜ். மெஷினை அவன் அதுவரை பார்த்ததில்லை. பந்தலுக்குப் பின்னால் சக்கரத்தின்மேல் நின்றது. பெரிய இரும்புத் தொட்டி, மேலே புகைக்குழாய். மாலை போட்டு, அடியில் விறகைத் திணித்துக் கொளுத்தினான்.

கரும்புகை கிளம்பியது. காற்று திரும்பி, புகை பந்தலுக்குள் புகுந்தது. ஜனம் இருமிக்கொண்டே ஓடியது. அதே காற்றில் மேகமும் கலைந்தது.

"வந்த மழைய வெரட்டிப்புட்டியேடா, பாவி!" நஞ்சப்பன் அவன் சட்டையைப் பிடித்தார்.

பதறிப்போன குப்புராஜ், அதிகாரிக்கென்று வைத்திருந்த குடத்துத் தண்ணீரை நெருப்பில் கவிழ்த்தான்.

"அய்யய்யோ, மலையேறிக் கொண்டாந்த தண்ணி!" தண்ணீர் சுமந்துவந்த பாஞ்சாலி அந்தக் குடத்தைப் பிடுங்கி ஓங்கினாள். அவன் பந்தக்காலைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

இடி இடித்தது. போன மேகம் திரும்பிவந்து கொட்டித் தீர்த்தது. பாஞ்சாலி, ஓங்கிய குடத்தை அப்படியே மழையில் நீட்டினாள்.

தொப்பலாக நனைந்தபடி அதிகாரி வந்து இறங்கினார். மெஷினைத் தடவிக்கொடுத்தார்.

"பலே! நான் வர்றதுக்குள்ள வேலையக் காட்டிருச்சே! இதே மாதிரி இன்னும் பத்து கேட்டு எழுதறேன். குப்புராஜ், உனக்கு வேலை பர்மனென்ட்!"

போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நஞ்சப்பனே மெஷின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

தலையில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு, ரோட்டு வேலை செய்யும் முனியம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"கும்புட்டு முடிச்சுட்டீங்கன்னா எங்க தார் காய்ச்சற தொட்டியக் குடுத்துருங்க சார், உங்க மழ மெஷினு பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன்லயே கெடக்குதாம்!"