ஊரைக் கட்டம் போட்டவர்

வெள்ளைக்காரன் ஆட்சியில் எத்தனையோ கெடுபிடிகளைப் பார்த்தவன் நான். ஆனால் ஒரு காபி குடிப்பதற்குள் என் உயிரை வாங்கியவர் கட்டக்கணக்கர் ஒருவர்தான்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து போர்டு. இரண்டே குமாஸ்தாக்கள்: அவரும் நானும். நான் காபிக்குக் கொடுத்த காசின் பின்னாலேயே அவர் கிளம்பிவிடுவார். காபிக்கடைக்காரர் அதைப் பால்காரனுக்குக் கொடுத்தாரா, பால்காரன் அதில் தவிடு வாங்கினானா, தவிடு விற்றவர் வேட்டி எடுத்தாரா என்று கடை கடையாக விசாரிப்பார். ஆபீஸ் கடிதங்களுக்கு நான் பதில் எழுதிக்கொண்டிருப்பேன்.

விசாரித்ததையெல்லாம் பெரிய காகிதத்தில் கட்டம் போட்டு எழுதுவார்; கட்டக்கணக்கர் என்ற பெயர் அதனால் வந்ததுதான். பக்கவாட்டில் விற்கிற தொழில், மேலே வாங்குகிற தொழில். "ஒரு ரூபா கூலி வந்தா, ஊரை உட்டுப் போறதுக்குள்ள ரெண்டு ரூபா வேலை பாத்துட்டுத்தான் போவுது" என்பது அவர் கண்டுபிடிப்பு. என் சம்பளம் மட்டும் ஐந்தாம் தேதியே மாயமாகிவிடுகிறதே என்று கேட்டேன். அது இப்போது வேறு யார் வீட்டிலோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்.

ஒருநாள் பிரசிடெண்டுக்கு ஜட்கா ஸ்டாண்டின் வாடை பிடிக்காமல் போயிற்று. வண்டிகளை விரட்ட உத்தரவு தயாரானது. கட்டக்கணக்கர் காகிதத்தை விரித்தார். குதிரை போனால் தவிடு விற்காது. தவிடு பிரசிடெண்டின் மில்லிலிருந்து வருகிறது. குதிரை லத்தி இல்லாவிட்டால் மல்லித் தோட்டத்துக்கு எரு இல்லை. தோட்டம் பிரசிடெண்டின் மாமனாருடையது. பொதுநலன் கருதி உத்தரவு அப்போதே கிழிக்கப்பட்டது.

ஆனால் பிரசிடெண்டு காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. அதில் ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தது.

"இது இன்னாய்யா தொழிலு? யாருக்கும் எதுவும் விக்கலியே?"

"நம்ம ஆபீஸுங்க."

கட்டக்கணக்கர் அந்த வரிசையில் எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாம். இல்லாததை எப்படி எழுதுவது என்று என்னிடமே நியாயம் பேசினார். மாதக் கடைசியில் ஒரு குமாஸ்தாவைக் கழித்துவிட முடிவாயிற்று. அவர் சீனியர், போக வேண்டியவன் நான். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை இன்னொரு காகிதத்தோடு பிரசிடெண்டிடம் போனார். இந்த முறை கட்டத்தில் எங்கள் இருவர் வீடுகளும் சேர்ந்திருந்தன. என் சம்பளம் முழுக்க உள்ளூர்க் கடைகளிலேயே சுற்றுகிறதாம். அவருடையதில் பாதி, திருச்சியில் இருக்கும் தங்கைக்கு மாதாமாதம் மணியார்டராகப் போய்விடுகிறதாம்.

"என்னை அனுப்புனாத்தாங்க ஊருக்கு நஷ்டம் கம்மி" என்றார்.

பிரசிடெண்டின் மில்லுக்கு அதனால் எத்தனை படி அரிசி வியாபாரம் மிஞ்சும் என்றும் ஓரத்தில் குறித்திருந்தார். பிரசிடெண்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கட்டக்கணக்கர் பாடி என்கிற ஊரில் ஒரு மரக்கடைக்குக் கணக்கெழுதப் போனார். எனக்கு மகன் பிறந்ததும் சர்க்கரையோடு அங்கே போனேன். பேச்சுவாக்கில், திருச்சியில் தங்கை சௌக்கியமா என்று கேட்டேன்.

"எந்தத் தங்கச்சிப்பா?" என்றார், பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்.

அந்த மனிதர் தன் ஆயுளில் எழுதிய ஒரே பொய்க்கணக்கு அது. என் குடும்பம் அதில்தான் சாப்பிட்டது.