எக்மோ பெட்டிக்குக் கட்டிய நூல்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் பிரசோங் அவர்களுக்கு,

கோன் கேன் பட்டணத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து பம்பு மெக்கானிக் புன்மா கைகூப்பி எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் எருமைகளும் சுகம்தானே? உங்கள் தங்கை புவாலை உயிரோடு இருக்கிறாள். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படியுங்கள்.

காய்ச்சல் கிருமி அவள் இதயத்தையே அடித்துப்போட்டது, உடனே எக்மோ என்று, இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டுகிற ஒரு பெட்டியில் மாட்டினார்கள். மச்சான், நாற்பது வருஷமாக வயல் பம்பைக் கழற்றி மாட்டுகிறவன் நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்! தொடையில் இரண்டு குழாய். ஒன்றில் ரத்தம் கறுப்பாக வெளியே போய், கையகல டப்பாவுக்குள் புகுந்து, மற்றதில் செக்கச்செவேலென்று திரும்புகிறது. பிஸ்டன் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. அவள் கையைப் பிடித்தேன். சூடு இருக்கிறது, நாடி இல்லை. "ஐயோ, போயிட்டாளே!" என்று அலறினேன். நர்ஸ் வன்பென் ஓடி வந்து, "போகல ஐயா. அவங்க இதயம் இப்ப லீவுல இருக்கு, வேலைய இது பாக்குது" என்று பெட்டியைக் காட்டினாள். நாடியே இல்லாத மனுஷி கன்னம் சிவக்கப் படுத்திருக்கிறாள், மச்சான்! உடம்பெல்லாம் புல்லரித்துப்போய்ப் பெட்டியைக் கும்பிட்டேன்.

அலைகிற உயிரைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லி, பிக்குவிடம் மந்திரித்து நீங்கள் அனுப்பினீர்களே வெள்ளை நூல், அதை மணிக்கட்டில் கட்ட விடவில்லை, அங்கே ஊசி. யோசித்தேன். அவள் உயிர் இப்போது ஓடுவது பெட்டியில்தானே? "அப்ப இதுக்கே கட்டுறேன்" என்றேன். வன்பென் சிரித்துவிட்டு, கைப்பிடியில் கட்டச் சொல்லி மேலே பிளாஸ்டிக் ஒட்டினாள். "புவாலை, எந்த வயல்ல நின்னாலும் வந்துரு தாயி, சோறு ஆறுது" என்று எட்டு நாள் கூப்பிட்டேன். எட்டாம் நாள் டாக்டர் வேகத்தைக் குறைத்தார். வயல் காயும்போது பம்பை நிறுத்துகிறானே பாவி என்று நான் வாயெடுப்பதற்குள், திரையில் தட்டையாகக் கிடந்த கோடு மேடு மேடாக எழும்பியது. அவள் இதயம், தானாகவே! டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் குழாயைக் கழற்றி, துடைத்து, பெட்டியை நூலோடு நாலாம் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! இவள் உயிரும் கூடவே போய்விடுமோ என்று பின்னாலேயே ஓடினேன். அங்கே மீன் விற்கிற ஒரு அம்மாள், புருஷன் காலடியில் நின்றபடி, "அண்ணே, ஒருத்தர ஏற்கெனவே திருப்பிக் கூட்டியாந்த நூலாமே. அவுத்துடாதீங்க" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. கூட ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். ஆகவே புவாலைக்கு வேறு நூல் மந்திரித்து உடனே அனுப்பவும். உங்கள் நூலின் மகிமைதான் இங்கே ஒரே பேச்சு.

உங்கள் வயலில் மழையும் வீட்டில் நெல்லும் நிறையட்டும்.

பணிவுள்ள,
புன்மா

பி.கு.: மச்சான், கோபப்படக் கூடாது. நூல் அனுப்ப வேண்டாம். நீங்கள் தந்தது இன்றைக்குத்தான் என் பழைய சட்டைப் பையில் அகப்பட்டது. பெட்டிக்குக் கட்டியது, பம்பு வேலைக்கு நான் பையிலேயே வைத்திருக்கிற, குழாய் மரையில் ஒழுகாமல் சுற்றுகிற நூல், பதற்றத்தில் கை மாறிவிட்டது. புவாலையிடம் சொன்னேன். மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு: "ஒன்ன நம்பி ஒரு நூலக் குடுக்க முடியுதா?" மீன்கார அம்மாளிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அவள் புருஷனுக்கு இன்று காலை நாடி வந்துவிட்டது, அஞ்சாம் படுக்கைக்காரர்கள் அந்த நூலை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்கள்.