பெண் கேட்கப் போன பாக்லவாப் பெட்டி

இஸ்மீர் பேருந்து நிலையம்,
ஞாயிறு

மதிப்புக்குரிய முஸெய்யென் அக்காவுக்கு,

தம்பி ஷாகிர் உன் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. வயிறு நீங்கலாக நான் இங்கே சுகம். அத்தானும் அவர் முழங்காலும் அங்கே சுகமென்று நம்புகிறேன். பெகூமை உன் மகனுக்குக் கொடுத்தார்களா இல்லையா என்றுதானே துடிக்கிறாய்? வரிசையாகச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

அன்டெப்பில் நான் வண்டியேறும்போது பிஸ்தா பாக்லவா இனிப்புப் பெட்டியை ரிப்பன் கட்டி என் மடியில் வைத்து, "பொண்ணு வீட்டுப் படி ஏறுற வரைக்கும் இதுல கை வச்சே, நீ என் தம்பியே இல்ல" என்றாய். நினைவிருக்கிறது. நீ கொடுத்த வழிச்செலவுக்கு ஓட்டல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, அதுவே என் யோகம்! இஸ்மீரில் இறங்கியதும் அடுப்புச் சூட்டோடு ஒரு போயோஸ் ரொட்டி, கூடவே அவித்த முட்டை. கடித்ததும் ஏடு ஏடாக உதிர்ந்து கோட்டெல்லாம் பொருக்கு. அப்புறம் கடற்கரையில் சிப்பிக்காரன். சோறு அடைத்த சிப்பியைத் திறந்து எலுமிச்சை பிழிந்து நீட்டுகிறான், ஓட்டைக் கீழே வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. "போதும்" என்று நாம் சொல்லும்வரை நிறுத்த மாட்டான். வாய் நிறையச் சிப்பியை வைத்துக்கொண்டு நான் எங்கே சொல்வது? அடடா, அக்கா, இந்த வயதில் எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

அந்தக் குஷியில் கப்பலேறி அக்கரைக்குப் போகும்போது பெட்டி கசிகிற மாதிரி இருந்தது. பாகு சொட்டுகிறதா என்று பார்க்கத்தான், உன்னாணை, மூடியை விரலளவு தூக்கினேன். நெய்வாசனை கப்பல் முழுக்கப் பரவியது. எதிரே ஊதா முக்காடு போட்ட அம்மாள் பெட்டியையே பார்க்கிறாள். பண்டத்தில் கண் பட்டவருக்குப் பங்கு உண்டென்று நம் அம்மா சொல்லித்தானே வளர்த்தாள்? மூடியைப் படக்கென்று சாத்த நான் என்ன மனிதனா, மிருகமா?

"ஒண்ணு எடுத்துக்குங்கம்மா."

"ஐயோ வேணாம்ப்பா, எனக்குச் சர்க்கரை இருக்கு."

"ஒரே ஒண்ணு."

"சரி, உங்க மனசு நோகக்கூடாது" என்று மூன்று எடுத்தாள்.

அவளைப் பார்த்துப் பக்கத்துக் கிழவர், அவரைப் பார்த்துத் தூண்டில்காரன், அப்புறம் காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டம். கரை வந்தபோது பெட்டியில் பாகு மட்டும்தான் இருந்தது.

வெறும் பெட்டியோடு போய்ப் பெண் கேட்டால் உன் மகன் ஓர்ச்சுன் காலமெல்லாம் பிரம்மச்சாரிதான். பெண் வீட்டுத் தெருமுனையில் திரும்பினால் பெரிய கொப்பரை! யாரோ காலமானவர் பேரில் லோக்மா உருண்டை பொரித்துப் பாகில் போட்டுப் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். "அல்லா ஏத்துக்கட்டும்" என்று சொல்லி ஒரு தட்டு வாங்கினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொன்று. மூன்றாம் தடவை பெட்டியையே நீட்டினேன்.

கரண்டி பிடித்திருந்த மீசைக்காரர் நிமிர்ந்தார். "எங்கப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா! எர்சுரும்ல ஒண்ணா பட்டாளத்துல கெடந்தோம். ஒரே போர்வை!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டி நிறைய அள்ளிப் போட்டார். நான் ரிப்பனைக் கட்டிக்கொண்டேன்.

மாலையில், இங்கே வேலை முடிந்து வந்த ஓர்ச்சுனோடு போய் மணியடித்தேன். கதவைத் திறந்தது அந்த மீசை! பெகூமின் அப்பா ரிஃப்கி.

"வாங்க, பட்டாளத்துக்காரரே."

உன் மகன் வழக்கப்படி மாப்பிள்ளைக்குப் பெண் போட்டுத் தரும் உப்புக் காபியைக் குடித்து விழி பிதுங்க உட்கார்ந்திருந்தான். இறைவன் கட்டளைப்படி, நபி வாக்குப்படி என்று நான் பெண்ணைக் கேட்டு முடித்தேன். ரிஃப்கி பெட்டியைத் திறந்தார்.

"எங்கப்பாவுக்குத் தட்டைப் பாதம். பட்டாளத்துல சேர்க்கவே இல்ல. பசிச்ச மனுஷன் போலிருக்குன்னு அள்ளிப் போட்டேன். எங்க பண்டத்தையே ரிப்பன் கட்டிக் கொண்டாந்து எங்ககிட்டயே பொண்ணு கேக்குறீரே, இந்த வீட்டுக்கா எம்பொண்ணைக் கொடுக்குறது?"

ஓர்ச்சுனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான் தொப்பியைக் கையில் எடுத்தேன். அப்போது சமையலறையிலிருந்து ஒரு தேநீர்த் தட்டு வந்தது, அதன் பின்னால் ஊதா முக்காடு. பெகூமின் அத்தையாம்!

"ரிஃப்கி, வாயை மூடு! கப்பல்ல பெட்டியைத் தெறந்து எல்லாருக்கும் பங்கு வச்சவரு இவருதான். நானே மூணு தின்னேன். பொண்ணு கேக்குற பெட்டின்னு தெரிஞ்சிருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பேன்."

முதலில் சிரித்தது பெகூம். அப்புறம் மீசை ஆடியது.

"கண்ணு பட்டவனுக்குப் பங்கு வைக்கிற வீட்ல எம்பொண்ணு பட்டினி கெடக்க மாட்டா. எடுங்க, எங்கப்பா பண்டத்தாலயே எல்லார் வாயும் இனிக்கட்டும்."

கொடுத்துட்டாங்க, அக்கா! நான் தேம்பித் தேம்பி அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

நிச்சயம் முடியும்வரை நான் இங்கேதான். சம்பந்தி உனக்கென்று பாதாம் இனிப்பு ஒரு பெட்டி ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறார். அன்டெப் வண்டி ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். பட்டது போதும், இனிமேல் ரிப்பனைத் தொட்டால் என் கை விளங்காமல் போகட்டும். அத்தான் கைக்கு என் முத்தம். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

உன் தம்பி,
ஷாகிர்

பி.கு.: வண்டி தாமதம். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவிழ்த்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பெரிய குடும்பம், எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. ரிப்பனை இத்துடன் வைத்திருக்கிறேன்.