பிரதட்சணமும் ஃபேன் கிளட்சும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வராத ஆள் கிடையாது. ஆனால் காபிக்குச் சர்க்கரையைக்கூட வலமாகத்தான் கலக்குவேன் என்று அடம்பிடித்த ஒரே மனிதர், வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். மாவு மில் வைத்திருந்தார். ஊர் அவரைப் பிரதட்சணம் என்றே கூப்பிட்டது.

ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டுமா, மூடியை ஆடாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலை வலமாகத் திருகுவார். வீட்டைவிட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பினால் பால் கடை. இவரோ வலப்பக்கம் திரும்பித் தெருவையே ஒரு சுற்று சுற்றிப் போவார். போய்ச் சேரும்போது பால் தீர்ந்திருக்கும்.

அவரை நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை, அந்த ஆனி மாதக் கடைசி நாள் வரைக்கும்.

அன்றைக்கு மனைவியையும் கைக்குழந்தையையும் செங்கத்திலிருந்து அழைத்துவர வேண்டும். மறுநாள் ஆடி. "இருட்டறதுக்குள்ள வந்துடுங்க மாப்ள. இல்லேன்னா ஆவணிலதான் அனுப்புவேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார். என் பழைய ஜீப்போ கொஞ்சம் ஓடினாலே கொதித்தது. என்ஜின் சூடானதும் விசிறியைப் பிடித்துச் சுழற்ற வேண்டிய ஃபேன் கிளட்ச் செத்துவிட்டது. புதிது வாங்கி வைத்திருந்தேன். பழையது கழன்றால்தானே? பௌர்ணமி வேறு. வாடகை வண்டி, மெக்கானிக் எல்லாம் கிரிவலக் கூட்டத்தோடு போயாச்சு.

அதைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றத் தனி ஸ்பேனர் இருக்கிறதாம். என்னிடம் இருந்தது பிளம்பர் மறந்துவிட்டுப் போன பைப் ரெஞ்சும், ஒரு வீடியோவைப் பாதிவரை பார்த்த தைரியமும். காலையிலிருந்து இடப்பக்கமாக இழுத்தேன். ஏறி நின்று மிதித்தேன். அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன், அப்புறம் வண்டியை எனக்கு விற்றவனின் பரம்பரையைக் கூப்பிட்டேன். நட்டோடு சேர்ந்து, பெல்ட் ஓடும் புல்லியும் சுற்றியதுதான் மிச்சம்.

சத்தம் கேட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார் பிரதட்சணம். மில்லிலிருந்து பழைய பெல்ட்டையும் சம்மட்டியையும் கொண்டுவந்தார். புல்லி சுற்றாமல் இருக்கப் பெல்ட்டை அதில் வளைத்து, முனைகளை என் கையில் கொடுத்தார். பிறகு ரெஞ்சை வலப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

"அண்ணா, அது இறுகிடும்ணா. எந்த நட்டும் எடப்பக்கம்தான் கழலும்."

"வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எடப்பக்கம் சுத்தமாட்டேன், அவ்ளோதான்."

"இருட்டறதுக்குள்ள நான் செங்கத்துல இருக்கணும்ணா."

"அப்ப பேச்சக் கம்மி பண்ணு. பெல்ட்ட விட்டுறாத."

அடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு மறுபடி அடித்தார். என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, நட்டு கழலவில்லை. அவர் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு அடித்தார். வெயில் மலைப்பக்கம் சாயத் தொடங்கியபோது 'டக்' என்றது. வலப்பக்கமாகவே கழன்று வந்தது. அந்த நட்டுக்கு மரை தலைகீழாம். காலையிலிருந்து அதை இழுத்து இழுத்து இறுக்கி வைத்த மகானுபாவன் நான்தான்.

புதியதை மாட்ட இடப்பக்கம் சுற்ற வேண்டும். அதை என்னிடம் விட்டுவிட்டு அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

வழியில் கொதித்தால் என்ன செய்வாய் என்று தானும் ஏறிக்கொண்டார். போகும்போதும் வரும்போதும், சூட்டைக் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாப்பாவப் பாருங்கண்ணா" என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி சொன்னபோதும், "இரும்மா, முள்ளு ஏறாம வூடு போய்ச் சேரட்டும்" என்றார்.

வாசலில் என்ஜினை நிறுத்திய பிறகுதான் திரும்பினார்.

"ஆமா, பையனா பொண்ணா?"

"பொண்ணுண்ணா."

கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கிரீஸ் போகவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.